நடுவில் உள்ளதை வெட்டவேண்டாம்

நெடுந்தீவு
11.02.2024

அன்புள்ள மச்சான் ஜெயரூபனுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நானும் பிள்ளை ஜெனீற்றாவும் சுகம். உமது சுகத்தையும் தொழிலையும் அறிய ஆவல். பதினொரு வருசம் கழித்து இந்த மனுசன் ஏன் எழுதுகிறான் என்று யோசிப்பீர். கோல் எடுக்கலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் குசினிக்குள் கதைத்தால் பின்வளவுக் கோடிக்குள் கேட்கும். அதனால் இறங்குதுறையில் இருந்துகொண்டு போனில் தட்டுகிறேன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்.

மேலே சுகம் சொன்ன இடத்தில் உமது அக்காவை விட்டுவிட்டேன். கவனித்திருப்பீர். மாக்கிறேற்றுக்குத் தொண்டையில் புற்றுநோய். ஏப்ரல் எட்டாம் திகதி யாழ்ப்பாணத்தில் ஒப்பரேசன். குரல்வளையை முழுதாக எடுக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை என்று டொக்டர் சொல்கிறார். ஆனால் அதற்குப் பிறகு அக்காவுக்குக் குரல் இல்லை.

கிளினிக்கில் ஒரு நேர்ஸ் பிள்ளை நல்ல யோசனை ஒன்று சொன்னது. குரல் இருக்கும்போதே, வீட்டில் நாளாந்தம் சொல்கிற வசனங்களைப் பதிந்து வைக்கட்டாம். பிறகு அவற்றை ஒரு டப்பில், அந்தப் பெரிய போன் மாதிரியானதில், ஏற்றிவிட்டால், பட்டனை அழுத்தியதும் அக்காவின் சொந்தக் குரலே பேசுமாம். ஜெனீற்றா வவுனியாவுக்குப் படிக்கப் போகும்போது தன் பழைய லப்டொப்பை விட்டுப் போனவள். மைக் ஒன்று வாங்கினேன். அக்கா நூற்று நாற்பத்திரண்டு வசனம் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறா. காலை ஆறிலிருந்து எட்டு மணிவரைதான் குரல் தெளிவு. அதற்கு மேல் கரகரப்பு. நான் கடலுக்குப் போகாமல் காலையில் பதிகிறேன்.

பதிந்து கேட்டால், சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி டிக் டிக் என்று ஒரு சத்தம். ஆறு காலை வீணாகிவிட்டது. ஒவ்வொரு காலையும் அக்காவின் தொண்டையில் இருந்துதான் கழிகிறது, மச்சான். இங்கே யாருக்கும் இது விளங்காது. நீர் பாரிசில் கலியாண மண்டபங்களுக்குச் சவுண்ட் செய்கிறீர் என்று கேள்விப்பட்டேன்.

நான் எழுதுவது அக்காவுக்குத் தெரியாது. நீர் வந்து சேராத உமது ஐயாவின் செத்தவீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவ உமக்குப் போனில் சொன்னதை நீரும் மறந்திருக்க மாட்டீர். "அந்தோனியார் அறிய, இனி என்ரை குரல் உன்ரை காதிலை விழாது." இன்றைக்கும் அந்தச் சத்தியத்தில்தான் நிற்கிறா. நான் செய்வது சரியோ பிழையோ தெரியாது. செய்கிறேன்.

அன்புடன் அத்தான்,
பஸ்ரியாம்பிள்ளை


பாரிஸ்
12.02.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சுகம் என்பதில் ஆறுதல். அக்காவைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று தரம் எழுதி அழித்துவிட்டேன். தெரிந்ததை எழுதுகிறேன்.

பதிகிற புரோகிராமில் பஃபர் என்று ஒரு இலக்கம் இருக்கும். கிணற்றிலிருந்து வருகிற தண்ணீரைப் பிடிக்கிற வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளி சின்னதென்றால் பழைய லப்டொப்பால் ஓடி ஓடி ஊற்ற ஏலாது, சிந்தும். அந்தச் சிந்தல்தான் டிக். இலக்கம் 64 என்று இருந்தால் 512 ஆக்குங்கள். பதியும்போது இன்ரநெற்றை நிற்பாட்டுங்கள். வேறு ஒன்றும் திறந்து வைக்கவேண்டாம்.

இரண்டு உதவி வேண்டும். ஒன்று, லப்டொப்பில் என்னென்ன சொருகியிருக்கிறது என்று ஒன்றும் விடாமல் எழுதுங்கள். மற்றது, ஒரு காலைப் பதிவை முழுதாக அனுப்புங்கள். வசனங்களை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பவேண்டாம். நடுவில் இருமினது, கதைச்சது, கதிரை இழுத்தது எல்லாம் இருக்கவேண்டும். சத்தம் எந்த நேரத்தில் வருகிறது என்று பார்க்க அப்படித்தான் செய்வோம்.

அக்காவின் சத்தியம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது அத்தான். ஆனால் கேட்காமல் பிழை பிடிக்க ஏலாது.

என்றும் உங்கள் நன்றியுள்ள,
ரூபன்


நெடுந்தீவு
18.02.2024

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நாங்கள் வழமைபோல. உமக்குத் தடிமன் என்று எழுதாவிட்டாலும், பாரிசில் இப்போது குளிர் என்று தெரியும். கழுத்தை மூடிக்கொண்டு திரியும்.

64 தான் இருந்தது. 512 ஆக்கினேன். பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. உம்மை நினைத்து மெழுகுதிரி ஒன்று கொளுத்தினேன். அக்கா "இதென்ன, இண்டைக்கு ஆருக்கு?" என்று கேட்டா. "மைக்குக்கு" என்றேன்.

லப்டொப்பில் இரண்டு துளை. ஒன்று உப்புக்காற்றில் துருப்பிடித்துச் செத்துப்போனது. மற்றதில் ஒரு துளையை நாலாக்குகிற பெட்டி சொருகியிருக்கிறது. அதில் மைக், மௌஸ். அவ்வளவுதான்.

நேற்றைய பதிவு முழுதும் அனுப்புகிறேன், நாற்பத்தேழு நிமிசம். இது ஏறி முடிய இறங்குதுறையில் ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். கடைசிப் படகில் வந்தவர்கள், யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று பகிடி பண்ணிவிட்டுப் போனார்கள். வெட்டாமல் அனுப்புவது எனக்குக் கொஞ்சம் வெட்கம். நடுவில் நான் வாங்கின ஏச்சுப் பேச்செல்லாம் அதில் இருக்கிறது. இன்னொன்று, அக்கா முதல் நாள்களில் பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில்தான் "எனக்குத் தண்ணி வேணும்" என்றா. தண்ணீர் கேட்கிறதா, தீர்க்கதரிசனம் சொல்கிறதா என்று கேட்டேன். இப்போது பரவாயில்லை.

அன்புடன்,
அத்தான்


பாரிஸ்
19.02.2024

அன்புள்ள அத்தானுக்கு,

தடிமன் இல்லை. சுகமாக இருக்கிறேன். அக்கா நித்திரை கொள்கிறாவா, சாப்பிடுகிறாவா என்று எழுதவில்லையே.

நாற்பத்தேழு நிமிசமும் கேட்டேன். ஒழுங்கான இடைவெளியில் வருகிற டிக் ஒன்று இன்னும் இருக்கிறது. அதற்குக் காரணம் வேறு. மைக் ஒரு செக்கனுக்கு 48000 தரம் சத்தத்தை அளக்கிறது. உங்கள் புரோகிராம் 44100 என்று நினைத்துக்கொண்டு இருக்கிறது. இரண்டு பேர் ஒரே துடுப்பை வெவ்வேறு வேகத்தில் வலிக்கிற மாதிரி. இரண்டையும் 48000 ஆக்குங்கள். எங்கே அழுத்துவது என்று படம் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

துருப்பிடித்த துளைக்கு ஒன்றும் செய்ய ஏலாது. மைக்கும் மௌஸும் மட்டும்தான் பெட்டியில் என்றால் பிரச்சினை வராது.

அடுத்ததையும் முழுதாகவே அனுப்புங்கள். திரும்பவும் சொல்கிறேன், நடுவில் உள்ளதை வெட்டவேண்டாம்.

நான் இரண்டாம் தரமும் கேட்டேன். சத்தம் பிடிக்கத்தான்.

ரூபன்


நெடுந்தீவு
27.02.2024

அன்புள்ள மச்சானுக்கு,

சாப்பாடு கஞ்சியும் அவித்த மீனும். நித்திரை குறைவு. கேட்டதற்கு நன்றி.

48000 ஆக்கினோம். ஒழுங்கான டிக் முழுதாகப் போய்விட்டது. அன்றைக்கு அக்கா பதினாறு வசனம் ஒரே இருப்பில் சொல்லி முடித்தா. நான் உம்மைக் கும்பிடாத குறை. ஆனால் இப்போது புது வில்லங்கம். இடையிடையே ஒரு சொல்லின் பாதி காணாமல் போகிறது. "ஜெனீற்றா, சாப்பிட்டு" என்று வருகிறது, மிச்சம் இல்லை. சத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறுமை. திரும்பச் சொல்லச் சொன்னால் இரண்டாம் தரம் குரல் தேய்ந்துவிடுகிறது. நேற்று ஏழரைக்கே கரகரப்பு வந்துவிட்டது. மைக்கைத் தூக்கி எறியப் பார்த்தா. பிறகு தானே மெதுவாக எடுத்து மேசையில் வைத்தா.

அறுபத்தொரு வசனம் ஒப்பேறியிருக்கிறது. எண்பத்தொன்று மிச்சம். காலைகள் நாற்பது. எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். அக்காவுக்கு முன்னால் அதைக் காட்டுவதில்லை. உமக்கு எழுதினால் கொஞ்சம் பாரம் குறைகிறது.

இரண்டு நாள் பதிவு அனுப்பியிருக்கிறேன், வெட்டாமல்.

அத்தான்


பாரிஸ்
28.02.2024

அத்தான்,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. பிடித்துவிட்டேன்!

இரண்டாம் நாள் பதிவு, பதினெட்டாவது நிமிசம். அக்கா வசனத்தை நிற்பாட்டிவிட்டுச் சொல்கிறா: "இஞ்சேருங்கோ, அந்த ஃபானைக் கொஞ்சம் என்ரை பக்கம் திருப்புங்கோ, வேர்த்து வழியுது." என்ன ஃபான்? நீங்கள் ஒரு கடிதத்திலும் ஃபான் என்று எழுதவில்லையே! திரும்பக் கேட்டேன். அது ஓடுகிற நேரம் எல்லாம் சொல் விழுங்கப்படுகிறது. நிற்கிற நேரம் ஒரு சொல்லும் போகவில்லை.

அந்தச் சின்ன ஃபானை நீங்கள் அதே பெட்டியில் சொருகியிருக்கிறீர்கள், சரிதானே? ஒரு துளையால் வருகிற கரண்டை ஃபான் உறிஞ்ச, மைக் இடைக்கிடை மயங்கி விழுகிறது. கழற்றுங்கள். அக்காவுக்குப் பனையோலை விசிறியால் வீசுங்கள், அதற்குக் கரண்ட் தேவையில்லை.

அத்தான், வீட்டுக்குள் கதவைப் பூட்டி, பதிவில் நீங்கள் சொன்னதுபோல் மெத்தையை யன்னலுக்குச் சாத்தி, அந்த வெக்கையில் அக்கா இருக்கிறதை நினைத்து நீங்கள் வாங்கின ஃபான் அது என்று எனக்கு விளங்குகிறது. அதற்காக உங்களை ஏச மனம் வரவில்லை.

இனிப் பிழை வராது என்று நினைக்கிறேன். ஆனாலும் எதற்கும் இன்னும் இரண்டு கிழமைக்குப் பதிவுகளை முழுதாக அனுப்புங்கள். எதற்கும்தான்.

ரூபன்


பாரிஸ்
15.03.2024

அன்புள்ள அத்தானுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? இரண்டு கிழமையாகப் பதில் இல்லை. ஃபானில்தான் பிழை என்று நினைத்தேன். இன்னும் சொல் போகிறதா? அக்காவுக்கு வருத்தம் கூடிவிட்டதா? ஒரு வரி போதும். வேலையில் நிற்கும்போதும் போனைத்தான் பார்க்கிறேன்.

ரூபன்


நெடுந்தீவு
20.03.2024

அன்புள்ள மச்சானுக்கு,

உயிரோடு இருக்கிறோம், சுகமாகவும் இருக்கிறோம். பதில் எழுதாததற்கு மன்னியும். எழுத முகம் இல்லாமல் இருந்தேன்.

நீர் சொன்னது அச்சொட்டாகச் சரி. நீர் பெட்டியில் இருந்ததை எழுதச் சொன்னபோது கொம்பியூட்டர் சாமான்களை மட்டும்தான் எழுதினேன். ஃபான் காற்றுக்குத்தானே என்று நினைத்தேன். என் மண்டைக்கு அவ்வளவுதான் எட்டியது. கழற்றினேன், விசிறியைக் கையில் எடுத்தேன், ஒரு சொல்லும் போகவில்லை. சந்தோசத்தில் "பாத்தீரே, ஃபான்தான் காரணமாம்!" என்று கத்திவிட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தா. "காரணமாமோ? ஆர் சொன்னது? ஃபான் இருக்கிறது இந்த அறைக்குள்ளை இருக்கிற ரெண்டு பேருக்குத்தானே தெரியும்?"

எனக்குப் பொய் வராது. சொல்லிவிட்டேன். அக்கா எழும்பிப் போய்விட்டா. எட்டு நாள் பதியவில்லை. எட்டுக் காலை, மச்சான். நான் விடிய எழும்பி மைக்கைப் போட்டுவிட்டு இருப்பேன், அவ குசினியில் பாத்திரம் கழுவுவா. என் வாயைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உம்மில் ஒரு பிழையும் இல்லை, எல்லாம் நான் செய்தது என்று சொன்னேன். பாத்திரத்தை இன்னும் பலமாகத் தேய்த்தா.

ஒன்பதாம் நாள் காலை தானே வந்து இருந்தா. "அவன் என்னெண்டு கேட்டவன்? துண்டு துண்டாயோ?" என்றா. "இல்லை, முழுதாய். நடுவிலை உள்ளதை வெட்டவேண்டாம் எண்டு எழுதினவன்" என்றேன். மைக்கைத் தன் பக்கம் இழுத்தா. பிறகு, "நீங்கள் வெளியிலை போய் நில்லுங்கோ" என்றா. வேலிக்கு அங்கால் போய் நின்றேன். அரை மணித்தியாலம் கழித்துக் கூப்பிட்டா. "இதை அனுப்புங்கோ. நீங்கள் கேக்கக்கூடாது."

இதோ அனுப்புகிறேன். நான் கேட்கவில்லை. அடுத்த நாளில் இருந்து பழையபடி பதிகிறோம். விசிறி என் கையில்.

அத்தான்


பாரிஸ்
24.03.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் கேட்காததை நான் சொல்லலாமா தெரியாது. அக்காவிடம் கேட்டுவிட்டு இதை வாசித்துக் காட்டுங்கள்.

இருபத்தாறு நிமிசம். அதில் பத்தொன்பது நிமிசம் ஏச்சு. பதினொரு வருசத்துக்கும் சேர்த்து வைத்திருந்தது ஒன்றும் மிச்சமில்லாமல் வந்தது. நான் ஒரு இடத்திலும் நிற்பாட்டவில்லை. பிறகு குரல் கரகரக்கத் தொடங்குகிறது. அந்தக் கரகரப்பிலேயே சொல்கிறா: "ஐயாவை மூண்டு நாள் வச்சிருந்தது ஊருக்கெண்டு நினைச்சியோ? நீ முகம் பாக்காமல் அடக்கினால் நீதான் பிறகு அந்தரப்படுவாய் எண்டு வச்சிருந்தனான். சத்தியத்தை முறிக்கிறன். அந்தோனியாரோடை நான் கதைச்சுக்கொள்ளுறன். துலைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தாறவர்தானே, அவருக்கு விளங்கும்."

அத்தான், அப்போது என்னிடம் இந்த நாட்டு விசா இல்லை. வெளியே போனால் திரும்பி வர ஏலாது. அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஐயாவை அடக்கியிருப்பீர்கள். வெட்கத்தில், "நாளைக்குப் பிளேன் ஏறுறன், நாளைக்கு ஏறுறன்" என்று மூன்று நாளும் பொய் சொன்னேன். வர முடியாமல் போனது என் பிழை இல்லை. பொய் சொன்னது என் பிழை. இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. ஐந்து வருசத்துக்கு முன் விசா கிடைத்தது. கிடைத்த பிறகும் எந்த முகத்தோடு வருவது?

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். ஃபானைப் பிடித்த பிறகு முழுப்பதிவும் எனக்குத் தேவைப்படவில்லை. அக்கா உங்களை ஏசுவதை, கோழியைத் துரத்துவதை, பெருமூச்சு விடுவதைக் கேட்கத்தான் கேட்டேன். என்னை நம்பி முதல் கடிதத்தை எழுதினீர்களே, அந்த நன்றியை எப்படித் தீர்ப்பேன்.

ரூபன்


யாழ்ப்பாணம்
13.04.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. அக்கா சுகம். கண்ணால் பேசுகிறா, கையால் அதட்டுகிறா. ஏழாம் திகதி காலைப் படகு ஏற முன், நூற்று நாற்பத்திரண்டாவது வசனத்தையும் முடித்தோம். எல்லாம் உமக்கு வந்திருக்கும். நீர் கேட்டபடி கடைசிவரை ஒன்றையும் வெட்டவில்லை.

ஊரில் இருந்து வெளிக்கிட முன்னமே உமது கடிதத்தை வாசித்துக் காட்டினேன். விசா பற்றின இடத்தில் நிற்பாட்டச் சொன்னா. பிறகு திரும்ப வாசிக்கச் சொன்னா.  அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டா.

ஆண்டவர் உம்மை ஆசீர்வதிக்கட்டும்.
அத்தான்


பாரிஸ்
05.05.2024

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

வீட்டுக்குத் திரும்பிவிட்டீர்கள் என்று ஜெனீற்றா சொன்னாள். மனம் நிறைந்து இருக்கிறது.

எல்லாவற்றையும் துடைத்து, ஒரே அளவு சத்தத்தில் வைத்து அனுப்பியிருக்கிறேன். ஜெனீற்றா வந்து டப்பில் ஏற்றித் தருவாள். ஆனால் எண்ணிப் பார்த்தால் நூற்று நாற்பத்துமூன்று வரும். பிழை இல்லை. கடைசிப் பட்டனுக்கு நான் பெயர் வைக்கவில்லை. அத்தான் வீட்டில் இருக்கும்போது அழுத்திப் பாருங்கள்.

நன்றியுடன்,
ரூபன்


நெடுந்தீவு
02.06.2024

தம்பி ரூபனுக்கு அக்கா எழுதுவது,

சுகமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நான் கழுத்தில் ஒரு ஓட்டையோடு சுகமாக இருக்கிறேன். கையால் எழுதுகிறேன், அத்தான் படம் எடுத்து அனுப்புவார். எழுத்துக் கோணல் என்றால் அவர் மேசையை ஆட்டுகிறார் என்று நினைத்துக்கொள்.

பட்டன்கள் நன்றாக வேலை செய்கின்றன. 'வேண்டாம்' மூன்று விதமாகப் பதிந்தேன் அல்லவா. சாப்பாட்டுக்கு ஒன்று, அத்தானுக்கு ஒன்று, சீட்டுப் பிடிக்கச் சொல்லி வருகிறவளுக்கு ஒன்று. மூன்றாவதைக் கேட்டு அவள் படலைக்குள் வராமலே போய்விட்டாள். காலையில் செபமாலை சொல்லும்போது முதல் மங்கள வார்த்தையை நான்தான் தொடங்கிவைக்கிறேன். ஒரு டிக் இல்லை. சொல் ஒன்றும் குறையவில்லை. ஒவ்வொரு தரமும் உன்னை நினைக்கிறேன்.

கடைசிப் பட்டனைப் பற்றிச் சொல்கிறேன். அத்தான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு நின்றார். அழுத்தினேன். வீடு முழுக்க நான் சிரித்தேன்.

எப்போது சிரித்தது என்று எனக்கே கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பிறகு நினைவு வந்தது. கல்வேலிக்கு மேலால் அயல்வீட்டு மாடு தலையை நீட்டிக் கத்த, அத்தான் மெத்தையை விலக்கி யன்னலால் எட்டி, "இஞ்சை பதிவு நடக்குது, நீர் ஒருக்கால் பேசாமல் நில்லும்" என்று மாட்டுக்கு மரியாதையாகச் சொன்ன காலை. அது நடுவில் கிடந்திருக்கிறது. நாங்கள் என்றால் வெட்டியிருப்போம்.

அத்தான் தேங்காய்ப் பாதியோடு ஓடிவந்து வாசலில் நின்றார். ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுசன் கதிரையில் இருந்து விக்கி விக்கி அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, "இன்னொருக்கால் அமத்தும்" என்றார். அன்றைக்கு நாலு தரம் சிரித்தேன்.

ரூபன், அந்தக் கொப்பியில் நான் எழுதினது எல்லாம் எனக்கு என்ன வேண்டும், எங்கே நோகிறது, யார் எதைச் செய்யவேண்டும் என்பதுதான். சந்தோசத்தைப் பதிய எனக்கு நினைவே வரவில்லை. நீ எடுத்துத் தந்தாய். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. 'நன்றி' என்று ஒரு பட்டன் இருக்கிறது, அது நேர்ஸ்மாருக்குப் பதிந்தது. உனக்குக் காணாது.

உன் பொய்யைப் பற்றி இனிக் கதைக்கவேண்டாம். சொல்லியிருந்தால் நான் ஏசியிருப்பேன், பிறகு விளங்கியிருப்பேன். அதுவும் முடிந்தது.

இன்னும் ஒன்று. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு 'வாங்கோ' இருக்கிறது. ஜெனீற்றாவுக்கு 'வா பிள்ளை' இருக்கிறது. உன்னைக் கூப்பிட ஒன்றும் இல்லை. மறந்துபோய் விட்டதில்லை. ஏழாம் திகதி காலை, படகுக்குப் போக முன், அதையும் பதிவோம் என்று இருந்தேன். வாயெடுக்க அழுகை வந்துவிட்டது. அழுகையோடு பதிந்தால் ஆயுளுக்கும் உன்னை அழுதுகொண்டுதான் கூப்பிடவேண்டி வரும் என்று மைக்கை நிற்பாட்டிவிட்டேன். ஆனபடியால் அதை மட்டும் கையால் எழுதுகிறேன்.

வாடா.

அக்கா